வெட்டினவனுக்கு ஆத்திரம் வந்தது, சரி. வெட்டினவளுக்கு?

வன்னியில் ஒரு மனிசன் மனிசியை வெட்டிப்போட்டான் என்று செய்தி வந்தால் அதற்குக் கீழே எங்கட ஆக்கள் எழுதுவதை ஒருக்கால் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். "பாவம், ஆத்திரத்தில செய்திட்டான்." "வெறியில என்ன செய்யிறனெண்டே தெரிஞ்சிருக்காது." "அவளும் வாய்காட்டியிருப்பாள்." செத்துப்போனவளைப் பற்றிப் பேச்சே இருக்காது. அவனுக்கு ஏன் ஆத்திரம் வந்தது என்றுதான் ஊரே தேடும். இதே ஊரில் ஒரு மனிசி மனிசனைக் கொன்றால் கதை வேறு. "கல்நெஞ்சுக்காரி." "திட்டம் போட்டுச் செய்திருக்கிறாள்." "பின்னால ஆரோ நிக்கிறாங்கள்." அவளுக்கும் ஆத்திரம் வந்திருக்கும் என்று ஒருவர் எழுதி நான் காணவில்லை. பயத்தில் செய்திருப்பாள் என்று எழுதினவரும் இல்லை.

அடிபட்ட பெண்களோடு பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோட்டுக்கும் போய்வருவது என் வேலை. ஊர்வாயை மட்டும் குறை சொல்லி நிறுத்த என்னால் ஏலாது. இந்தப் பாரபட்சம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

எங்கட இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு 1860இல் எழுதியதைப் பார்த்து இங்கே செய்தது. அதில் 294ஆம் பிரிவு எது கொலை என்று சொல்லிவிட்டு, சில விதிவிலக்குகளையும் வைத்திருக்கிறது. விதிவிலக்குக்குள் வந்தால் அது கொலை இல்லை, நாங்கள் கைமோசக் கொலை என்று சொல்கிற குற்றம். வித்தியாசம் சின்னதல்ல. கொலைக்கு 296ஆம் பிரிவில் மரண தண்டனை. 1976க்குப் பிறகு ஒருவரையும் தூக்கிலிடவில்லை என்றாலும் தீர்ப்பு அதுதான், வாழ்நாள் சிறைக்குள் போய்விடும். கைமோசக் கொலைக்கு 297ஆம் பிரிவில் கூடினது 20 வருடம். கொல்லும் எண்ணம் இல்லாமல், உயிர் போகலாம் என்று தெரிந்து மட்டும் செய்திருந்தால் 10 வருடம் வரை.

அந்த விதிவிலக்குகளில் முதலாவது, கடுமையானதும் சடுதியானதுமான சினமூட்டலால் தன் கட்டுப்பாட்டை இழந்து கொன்றவருக்கு உரியது. யாருடைய கோபத்தை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறார்கள்? கண்டான், கொதித்தான், கையில் அகப்பட்டதை எடுத்தான், அடித்தான். நாலும் ஒரே மூச்சில். இது ஆம்பிளையின் கோபம். உடம்பில் பலம் உள்ளவனின் கோபம். எதிரில் நிற்கிறவள் திருப்பி அடிப்பாள் என்ற யோசனை அவனுக்குத் தேவையில்லை.

பல வருடம் அடிவாங்கினவளுக்கு அப்படி வராது. அவன் கோடாலியோடு நிற்கும்போது அவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவாள், இல்லாவிட்டால் மூலையில் சுருளுவாள். அந்த நேரத்தில் எதிர்த்தால் செத்துப்போவாள் என்று அவளுக்குத் தெரியும். கை ஓங்க அவளுக்குத் தைரியம் வருவது அவன் வெறியில் விழுந்து கிடக்கும்போது, அல்லது நித்திரையாகிய பிறகு. அந்த இடைவெளியைத்தான் வழக்கில் அவளுக்கு எதிராகப் பிடிக்கிறார்கள். "ஆத்திரம் ஆறப் போதிய நேரம் இருந்தது, ஆகவே இது திட்டமிட்டது." ஆறப் போதிய நேரம்! அவளுக்கு ஆறவேண்டியது ஆத்திரமே இல்லை. நேரம் போகப்போகப் பயம் கூடத்தான் செய்யும்.

நீதிமன்றங்கள் இதைப் பார்க்கவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அண்மைக்காலத் தீர்ப்புகள் சிலவற்றில், நீண்டநாளாகச் சேர்ந்துவந்த சினத்தையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அது அந்தந்த நீதிபதியின் மனதைப் பொறுத்தது. எழுத்தில் உள்ள சட்டம் மாறவில்லை.

அப்படியென்றால் தற்காப்பு உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல பலமாகவே இருக்கிறது. 89 முதல் 99 வரையான பிரிவுகளை எங்கட பெண்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உயிர் போகும் அல்லது கடுங்காயம் வரும் என்று நியாயமாகப் பயப்படும்படி ஒருவன் தாக்கினால், பாலியல் வல்லுறவு செய்ய வந்தால், கடத்த வந்தால், அவனைத் தடுக்கும்போது அவன் செத்தாலும் அது குற்றமில்லை என்று 93ஆம் பிரிவு சொல்கிறது. வந்தவன் அந்நியன் என்று நினைத்துத்தான் எல்லாரும் இதைப் படிக்கிறார்கள். தாலி கட்டினவன் கோடாலி ஓங்கினாலும் இதே பிரிவுதான்.

சிக்கல் 92ஆம் பிரிவில். அரச அதிகாரிகளிடம் பாதுகாப்புத் தேட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லையாம். கொழும்பில் இருந்துகொண்டு இதைப் படிப்பது வேறு. முல்லைத்தீவிலோ துணுக்காய்ப் பக்கமோ உள்ள ஒரு குடியேற்றத்தில் இருந்து படிப்பது வேறு. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிடைத்த காணி. வீட்டுத்திட்டக் காசு முடிந்ததால் பின்கதவு இன்னும் போடவில்லை, தகரம் சாத்தியிருக்கிறது. அடுத்த வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காது. ஒழுங்கையில் லைற் இல்லை, இரவில் யானை வரும். ஃபோன் அவன் கையில். "நாளைக்கு விடிய உன்னையும் பிள்ளையளையும் கொளுத்துவன்" என்று சொல்லிவிட்டு அவன் படுத்துவிட்டான். மணிக்கூட்டைப் பார்த்தால் பொலிசுக்குப் போக அவளுக்கு ஏழு மணித்தியாலம் இருக்கிறது. எந்த வழியால், எதில் ஏறி, பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? போனால் அங்கே என்ன நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அவள் முன்னமே போயிருக்கிறாள். கூப்பிட்டு எச்சரித்து, சமாதானம் பேசி, அவனோடேயே அனுப்பிவிட்டார்கள்.

வெறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "கசிப்பு செய்த வேலை" என்று மன்னித்துவிடுகிற பழக்கம் எங்களுடையது, சட்டத்தினுடையது அல்ல. தானாகக் குடித்தவனுக்கு, குடிக்காமல் இருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அது தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது 79ஆம் பிரிவு. கோடாலியால் தலையில் அடித்தால் ஆள் சாகும் என்பது வெறிகாரனுக்கும் தெரிந்ததுதான்.

இந்தச் சினமூட்டல் சட்டத்தை எங்களுக்குத் தந்தவர்கள் தங்கள் நாட்டில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். பஞ்சாபிப் பெண் கிரண்ஜித் அலுவாலியா இங்கிலாந்தில் பத்து வருடம் அடியும் சூடும் வாங்கி, 1989இல் கணவன் நித்திரையாக இருந்தபோது தீ வைத்தார். கொலைக் குற்றவாளி என்று ஆயுள் தண்டனை. 1992இல் மேன்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு உடைந்தது, பிறகு சிறையில் இருந்த காலமே போதும் என்று வெளியே வந்தார். அவரைக் காப்பாற்றியது சினமூட்டல் இல்லை, மனநிலை பாதிக்கப்பட்டிருந்தார் என்ற வேறொரு வாதம். எங்கட கோவையில் அந்த வாதத்துக்கும் இடமில்லை. 77ஆம் பிரிவு சித்தம் முற்றாகக் கலங்கினவர்களுக்கு மட்டும். அலுவாலியாவின் வழக்குக்குப் பிறகு பெண்கள் அமைப்புகள் வருடக்கணக்காக விடாமல் நின்றதில், 2009இல் அங்கே புதிய சட்டம் வந்தது. கடும் வன்முறைக்குப் பயந்து கட்டுப்பாட்டை இழப்பதையும் அது ஏற்கிறது. அந்த இழப்பு சடுதியாக வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மனைவி வேறொருவனோடு தொடர்பு வைத்திருந்தாள் என்பதை மட்டும் காரணமாகக் காட்டிக் கொலையைக் குறைக்கவும் விடுவதில்லை. இங்கே அந்தக் கடைசிக் காரணத்தை இன்னும் எத்தனை வழக்கில் கேட்கிறோம்! செத்தவள் வந்து மறுத்துச் சொல்ல ஏலாதே.

சட்டம் மாறவேண்டும், முதலாவது விதிவிலக்கில் பயத்துக்கும் இடம் வேண்டும், "சடுதியான" என்பது போகவேண்டும். இதை நான் உரத்துச் சொல்கிறேன். ஆனால் பாராளுமன்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் இப்போது விளக்கமறியலில் இருக்கிறவளுக்கு ஒன்றும் நடக்காது. கொலைக் குற்றச்சாட்டு என்றால் நீதவானால் பிணைகூடக் கொடுக்க ஏலாது, மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம். அதுவரை பிள்ளைகள் அம்மம்மாவோடு.

விதிவிலக்கைக் கேட்கிறவர்தான் அதைக் காட்டவேண்டும், சாட்சியச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அப்படி. நான் பயந்தேன், வருடக்கணக்காக அடித்தான் என்பதை எதிரிக்கூட்டில் நிற்கிறவள்தான் காட்டவேண்டும். எதை வைத்துக் காட்டுவாள்? அவளிடம் ஒரு துண்டும் இருக்காது, ஏனென்றால் அந்த வருடங்களை நாங்கள் எல்லாரும் சேர்ந்து அழித்துவிட்டோம்.

ஒரு பெண்ணின் ஆஸ்பத்திரிக் காட்டை என் கையில் வைத்துப் பார்த்தேன். சொப்பிங் பைக்குள் சுற்றி, அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். இடது முன்கை எலும்பு முறிவு. காரணம் என்ற இடத்தில் "கிணற்றடியில் வழுக்கி விழுந்தது". இன்னொரு திகதியில் கீழ்த்தாடை வீக்கம், முன்பல் ஒன்று இல்லை. காரணம் "மாடு முட்டியது". அவர்களிடம் மாடே இல்லை. நேர்ஸ் கேட்கும்போது அவன் பக்கத்தில் நின்றானாம். "அக்கா, அவர் நிக்கேக்க நான் என்னெண்டு சொல்லுறது?" என்று என்னைக் கேட்டாள். அந்த நேர்ஸ் அவனை இரண்டு நிமிடம் வெளியே நிற்கச் சொல்லியிருந்தால் அந்தக் காட் இன்று சாட்சி.

அதிலும் ஒரு விசயம் கனபேருக்குத் தெரியாது. 311ஆம் பிரிவின்படி எலும்பு முறிந்தால் கடுங்காயம், பல்லு விழுந்தாலும் கடுங்காயம். 20 நாள் கடும் நோவில் கிடந்தாலோ வழமையான வேலை செய்ய ஏலாமல் போனாலோ அதுவும் கடுங்காயம். சாதாரண காயத்துக்கு 314இல் ஒரு வருடம்வரை சிறை என்றால், கடுங்காயத்துக்கு 316இல் ஏழு வருடம்வரை, கத்தி கோடாலி போன்றதால் செய்திருந்தால் 317இல் பத்து வருடம்வரை. அவளுடைய கையும் பல்லும் இரண்டு பாரதூரமான குற்றங்கள். ஊரில் அதற்குப் பெயர் "புருசன் பெண்சாதிச் சண்டை".

பிறகு, சம்பவம் நடந்த அன்று அவளிடம் எடுக்கிற வாக்குமூலம். "நீதானே வெட்டினது?" "ஓம், நான்தான்." "கத்தி எங்க?" "அடுப்படிக்குப் பின்னால." அதோடு முடிந்தது. பொலிசிடம் சொன்ன குற்ற ஒப்புதலை அவளுக்கெதிராகச் சாட்சியாக எடுக்க முடியாதுதான். ஆனால் அவள் காட்டிக் கண்டெடுத்த கத்தி சாட்சி. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பயத்தைப் பிறகு சொன்னால், "இதை ஏன் முதலில் சொல்லவில்லை, சட்டத்தரணி சொல்லித்தந்ததா?" என்று குறுக்குக் கேள்வி வரும். எழுதினது சிங்களத்தில் என்றால் தான் என்ன சொன்னதாக இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கோ, வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வையாதேங்கோ, "இதுக்கு முதல் என்ன நடந்ததெண்டும் எழுதுங்கோ ஐயா" என்று சொல்லுங்கோ. செத்தவனின் உடலைச் சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். அவளையும் அவரிடம் காட்டச் சொல்லுங்கோ. முதுகில் உள்ள பழைய தழும்பு, சிகரட் சூடு, ஒழுங்காகப் பொருந்தாத எலும்பு எல்லாம் அவள் வாய்க்குப் பதிலாகப் பேசும். இதை அன்றே கேட்காத சட்டத்தரணிகள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

"இப்பிடிச் சட்டம் வந்தால் நாளைக்கு எல்லாப் பொம்பிளையளும் கத்தி எடுப்பாளவை" என்று ஒரு அண்ணை எனக்கு எழுதியிருந்தார். அண்ணை, ஆம்பிளைகளுக்கு இந்த விதிவிலக்கு நூற்று நாற்பது வருடமாக இருக்கிறது. அதை நம்பி எல்லா ஆம்பிளைகளும் கத்தி எடுக்கவில்லையே. நான் விடுதலை கேட்கவில்லை, ஓர் உயிர் போனது உயிர் போனதுதான். உங்கட கோபத்தை அளக்கிற தராசில் அவளுடைய பயத்தையும் வைத்து நிறுக்கச் சொல்கிறேன்.

கொலைவரை போகாமல் தடுக்க 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவளுக்காகப் பொலிசும் கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, விசாரித்த பிறகு 12 மாதம்வரை. அவன் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் கட்டளையிட முடியும். மீறினால் ஒரு வருடம்வரை சிறை. அவசரத்துக்கு 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு. பொலிசில் முறைப்பாடு கொடுத்தால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி, அந்தக் கொப்பியை வீட்டில் வைக்காமல் அம்மாவிடமோ ரீச்சரிடமோ கொடுங்கோ. நேர்ஸ்மார் ஆராவது இதை வாசித்தால், அடுத்தமுறை கிணற்றடியில் விழுந்தவள் வரும்போது கூட வந்தவரைத் துண்டு பதியவோ தேத்தண்ணி வாங்கவோ அனுப்பிவிட்டு இன்னொருக்கால் கேளுங்கோ.