எலிக்காய்ச்சல் கிருமி சும்மா மிதப்பதில்லை

"எலிக்காய்ச்சல் கிருமிக்கு வாலே இல்லை, தானாக நகராது. வயலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும்" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வெளியே வால் தெரியாது, அதுவரை சரி. ஆனால் லெப்டோஸ்பைரா என்ற இந்தக் கிருமிக்கு முனைக்கு ஒன்றாக இரண்டு கசையிழைகள் (சாட்டை போன்ற மெல்லிய இழைகள்) உண்டு. வெளிச்சவ்வுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். அவை சுழலும்போது முழு உடம்பும் திருகாணி போலச் சுழன்று நீந்தும்.

அதோடு விடாது, பரப்புகளில் ஊர்ந்தும் போகும். வெளிச்சவ்வில் இருக்கும் ஒட்டுப் புரதங்களும் வேறு மூலக்கூறுகளும் பரப்பைப் பற்றிக்கொள்ள, உள்ளே உடம்பு சுழல்கிறது. அந்த மூலக்கூறுகள் சவ்வில் ஆணி அடித்தாற்போல் நிற்பதில்லை, வழுக்கி நகரும். அதனால்தான் கிருமி ஒட்டிக்கொண்டே முன்னேற முடிகிறது. (உழவு மிஷின் சங்கிலிச் சில்லை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அப்படி.) 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிருமியின் மேல் நுண்மணிகளை ஒட்டவைத்து இந்த நகர்வைப் பார்த்திருக்கிறார்கள்.

மட்டக்களப்புப் படுவான்கரையில் மாரி வேளாண்மைக்கு இறங்குகிறவர்கள் ஓடும் தண்ணீரை நம்பிவிடாதீர்கள். காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் கிருமிக்கு அதுவே வாசல். கண், வாய் வழியாகவும் நுழையும். எலிக்காய்ச்சலைத் தடுக்கக் குடிக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை தேவையா என்று பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) கேளுங்கள், வயலில் கால் வைக்க முதல்.