சம்பளத்தைக் காட்டி ஓய்வைப் பறிக்காதீர்கள்

அந்த மீமை நேற்றும் ஒருவர் பகிர்ந்திருக்கிறார். நோட்டுக் கட்டுகளின் மேல் தலை வைத்துத் தூங்கும் பைலட் படம்தான். அதன் கீழே என் சித்தப்பா மகனே எழுதியிருக்கிறான்: "மாசம் அஞ்சு லட்சம் வாங்குறவனுக்கு வாரம் ரெண்டு நாள் லீவு கேக்குதா?" என் தம்பி பைலட் என்று தெரிந்தே எழுதியிருக்கிறான். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ரத்தானதிலிருந்து இதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனி முடியாது.

முதல் விஷயம், பைலட்டுகள் யாரும் அன்றைக்கு வேலைநிறுத்தம் செய்யவில்லை. புதிய பணிநேர விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது 2025 ஜூலையில். இரவுத் தரையிறக்கங்கள் வாரத்துக்கு ஆறு என்று இருந்தது இரண்டாகக் குறைந்தது நவம்பர் 1-ல். கிட்டத்தட்ட இரண்டு வருட அவகாசம் இருந்தும் இண்டிகோ தேவையான ஆட்களை வைத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. உடனே அரசு விதிக்கு விலக்குக் கொடுத்தது. அதாவது, திட்டமிடாதவர்களுக்குச் சலுகை, ஓய்வு கேட்டவர்களுக்கு வசவு.

அந்த 48 மணி நேரத்தைத்தான் சொகுசு என்கிறீர்கள். மீம் பகிர்ந்தவர்களில் பாதிப்பேர் ஐடியில் இருப்பவர்கள், உங்களுக்குச் சனி ஞாயிறு விடுமுறை. வங்கியில் வேலை பார்க்கும் நாங்கள் மாதம் இரண்டு சனிக்கிழமை போதாது, வாரம் ஐந்து நாள் வேலை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். நான் கவுண்டரில் தூங்கி விழுந்தால் ஒரு செக் தப்பாகப் பதிவாகும், சாயங்காலம் கணக்கு உதைக்கும், திருத்திக்கொள்வேன். 2010 மே 22 மங்களூரில் என்ன நடந்தது? துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். கேப்டனின் குறட்டைச் சத்தம் காக்பிட் ஒலிப்பதிவில் இருந்தது. தூக்கத்திலிருந்து எழுந்த மந்தநிலையும் ஒரு காரணம் என்று விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது. லட்சம் சம்பளம் வாங்கினால் தூக்கம் வராதா?

சரி, அந்த லட்சத்துக்கே வருகிறேன். எல்லாரும் அதைத்தானே கணக்குப் பார்க்கிறீர்கள்.

கேப்டனுக்கு மாதம் ஐந்து லட்சம், அதற்கு மேலும் வரும் என்பது உண்மை. நான் மறுக்கவே இல்லை. ஆனால் அது நீங்கள் நினைக்கும் மாதிரி முதல் தேதி வந்தால் அப்படியே விழுகிற பணம் இல்லை. ஒரு பகுதி நிலையானது, மீதி பறந்த மணி நேரத்துக்கு. பெரும்பாலான நிறுவனங்களில் விமானம் நின்ற இடத்திலிருந்து நகரும்போது மணி ஓடத் தொடங்கும், போய்ச் சேர்ந்து நிறுத்தியதும் நின்றுவிடும். டெல்லிப் பனியில் பயணிகளை ஏற்றிக்கொண்டு கதவை மூடி மூன்று மணி நேரம் அசையாமல் நின்றால், உள்ளே இருப்பவர்கள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று மணி நேரம் கணக்கில் வராது. 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமான நிறுவனத்தில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? ஏர் இந்தியாவுடன் இணைப்பதற்காகப் புது ஒப்பந்தம் என்று, பறந்தாலும் பறக்காவிட்டாலும் உறுதியாகக் கிடைத்த 70 மணி நேர ஊதியத்தை 40 மணி நேரமாக்கினார்கள். அப்போது விமானங்கள் ரத்தானதற்கும் பழி பைலட்டுகள் மீதுதான்.

அந்த நாற்காலியில் உட்கார என்ன செலவாகிறது என்று யாராவது கேட்டீர்களா? 200 மணி நேரம் பறந்தால்தான் கமர்ஷியல் லைசென்ஸ். அதற்கு அப்புறம் ஏ320 மாதிரி ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி, அதாவது டைப் ரேட்டிங், அதற்குத் தனியாகப் பல லட்சம். எல்லாம் சேர்ந்தால் இன்றைக்குச் சாதாரணமாக ஒரு கோடியைத் தொடுகிறது. கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும். தம்பி படிப்புக்காக எங்கள் திருச்சி வீட்டின் மூலப் பத்திரத்தை அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் வங்கி ஊழியர்தான், வில்லங்கச் சான்றிதழ் எடுப்பதிலிருந்து வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்குவது வரை கூடவே இருந்தேன். கடன் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர், வட்டிவிகிதம் எழுதியிருந்த பக்கத்தில் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். போடுங்கப்பா என்றேன். லைசென்ஸ் கையில் வந்த பிறகும் தம்பிக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. ஆனால் வட்டி அதற்காகக் காத்திருக்கவில்லை.

வேலை கிடைத்துத் தலை நிமிர்கிற நேரத்தில் 2020 வந்தது. அவன் நிறுவனம் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பிவிட்டது. ரிசர்வ் வங்கிதான் ஆறு மாதம் தவணை நிறுத்தியதே என்று அப்போது சிலர் ஆறுதல் சொன்னார்கள். தவணை நின்றது, வட்டி நின்றதா? வட்டி அசலோடு சேர்ந்துகொண்டேதான் போனது. கடன் பாக்கி நோட்டீஸ்களை மற்ற வீடுகளுக்கு அனுப்புகிற வேலையில் இருப்பவள் நான். அதே மாதிரித் தாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா கண்ணில் படாமல் எடுத்து வைத்தேன்.

"கோவிட் எல்லாருக்கும்தானே வந்தது" என்பீர்கள். சரி, கோவிட்டை விடுங்கள். கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012 அக்டோபரில் நின்றது, அதற்கு முன் மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் நின்றது, அங்கே பைலட்டுகளுக்கு ஜனவரியிலிருந்தே சம்பளம் வரவில்லை. சம்பளம் இல்லாமலே அவர்கள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கினார்கள், அதை யாரும் மீம் போடவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஜெட்டைக் கலைத்து விற்கச் சொல்லிவிட்டது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனமும் நின்றது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் மூன்று பெரிய நிறுவனங்கள். இதில் எந்த மாதத்து ஐந்து லட்சத்தை நம்பி வீட்டுக்கடன் வாங்குவது?

அப்புறம் உடம்பு. குறைந்தது வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. இதயமோ காதோ சர்க்கரையோ ஏதாவது ஒன்றில் தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதிவிட்டால் பறக்க முடியாது. பறக்காவிட்டால் மணி நேரப் பணம் கிடையாது, தவணை மட்டும் மாறாது. லைசென்ஸ் போனால் காப்பீடு உண்டே என்று ஒருவர் கமெண்டில் பாடம் எடுத்தார். பாலிசியில் என்னென்ன விலக்கு என்று படித்துவிட்டு வாருங்கள், பேசலாம். ஓய்வூதியமா? 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு பி.எஃப்.-ஓடு வருகிற இபிஎஸ் பென்ஷனே கிடையாது. எல்லாத் தனியார் ஊழியருக்கும் இதே விதிதான், தெரியும். ஆனால் எல்லாரும் முப்பது வயதுக்குள் ஒரு கோடி கடனோடு வேலையைத் தொடங்குவதில்லை.

"விவசாயக் கூலியைப் பார், துப்புரவுத் தொழிலாளியைப் பார், அவர்களைவிடக் கஷ்டமா?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை, அவர்கள் அளவுக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் அவர்கள் கூலி உயர்வு கேட்டுத் தெருவில் உட்கார்ந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பைலட் வாயை அடைக்க மட்டும்தான் உங்களுக்கு அவர்கள் ஞாபகம் வருகிறது.

விமான நிலையத்தில் கைக்குழந்தையோடு இரண்டு நாள் கிடந்தவர்கள் கோபப்படலாம். அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வீட்டில் ஏசியில் உட்கார்ந்து மீம் போட்டவர்களைத்தான் சொல்கிறேன்.

"பிடிக்கலைன்னா வேற வேலைக்குப் போ" என்பதுதான் அடுத்தது. 2017-லிருந்து விதி என்ன தெரியுமா? கேப்டன் விலக வேண்டுமானால் ஒரு வருடம் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி, ஆறு மாதம். ஐடியில் மூன்று மாத நோட்டீஸுக்கே எவ்வளவு புலம்பல் என்று என் டைம்லைனிலேயே பார்த்திருக்கிறேன்.

2020-ல் தம்பிக்கு ஒரு வரன் முடிவாகி, பூ வைக்கத் தேதியும் பார்த்திருந்தோம். சம்பளம் நின்ற செய்தி தெரிந்ததும் பெண் வீட்டார் போன் செய்தார்கள். "இப்போதைக்குத் தள்ளி வைப்போம்" என்றார்கள், அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வரனைக் கொண்டுவந்ததே இன்றைக்கு ஐந்து லட்சம் என்று எழுதியிருக்கும் சித்தப்பா மகன் வீட்டார்தான். அன்றைக்கு "பைலட் வேலையெல்லாம் நிலையா" என்று கேட்டவர்கள், இன்றைக்கு நோட்டுக் கட்டுப் படம் பகிர்கிறார்கள். எது உங்கள் நிஜக் கருத்து? எங்கள் அம்மா முகநூலில் இல்லை, ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். அந்த மீம் அங்கேயும் வந்தது. பார்த்துவிட்டு என்னிடம், "இவன் தூங்குறதே இல்லையேடி" என்றார்.

அந்த மீமுக்குக் கீழே எழுதியதை நீக்கச் சொல்லிச் சித்தப்பா மகனிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறேன், இன்னும் நீக்கவில்லை. தம்பி பெயரைப் போட்டு எழுதிய மற்ற இருவரை நட்பிலிருந்து எடுத்துவிட்டேன். சம்பளம் பற்றியோ பணிநேர விதி பற்றியோ உண்மையாகவே தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் கீழே கேளுங்கள், வங்கி முடிந்து வந்து பதில் எழுதுகிறேன். மீமை மறுபடி இங்கே ஒட்டுபவர்களுக்குப் பதில் கிடையாது.