பேட்டரியைப் பற்றி மட்டும் வாய் திறக்காதவர்கள்

பயன்படுத்திய மின்சார மோட்டார் சைக்கிளை விற்பவர்கள் அதன் பளபளப்பையும் ஓடிய கிலோமீட்டரையும் பற்றி நிறையப் பேசுகிறார்கள். வண்டியிலேயே விலை மிகுந்த பாகமான பேட்டரியின் நிலையைக் கேட்டால் மட்டும், திரை 100 சதவீதம் காட்டுகிறதே என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்த 100, இன்று எஞ்சியிருக்கும் கொள்ளளவு நிரம்பிவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. புதிதில் இருந்த கொள்ளளவில் 30 சதவீதம் தேய்ந்துபோயிருந்தாலும் அது 100 என்றே காட்டக்கூடும். குறைவாக ஓடிய வண்டி என்ற பெருமையும் எனக்கு நம்பிக்கை தருவதில்லை, ஏனெனில் லித்தியம் அயனி பேட்டரி, முழு சார்ஜோடு வெயிலில் நின்றாலும், முற்றிலும் வடிந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தாலும், ஓடாமலேயே கெடும். பல வண்டிகளில் சார்ஜ் சுழற்சிகளின் கணக்கு, அதாவது பேட்டரி எத்தனை முறை நிரம்பித் தீர்ந்தது என்பது, பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பகுதியான பேட்டரி மேலாண்மை அமைப்பிலேயே பதிவாகியிருக்க, அதை வாங்குபவரிடம் காட்டாமல் விலையை மட்டும் கறாராகக் கேட்பது அநியாயம்.