தகாகியா பாசி அழிவே இல்லாததா?

"திபெத் மலையில் 39 கோடி ஆண்டுகளாக உயிரோடிருக்கும் பாசி, எந்தக் காலநிலையையும் தாங்கும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 39 கோடி ஆண்டு என்பது தகாகியா என்ற வம்சத்தின் வயது, அங்கே நிற்கும் செடியின் வயதல்ல. அந்த வம்சத்தில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே இனங்கள். அப்புறம், பெயரில்தான் பாசி. இது குளத்துப் பாசி அல்ல, தண்டும் குட்டி இலைகளும் உள்ள நிலத்தாவரம். வேர் கிடையாது.

சரி, தாங்குமா? பனியையும் கடும் புற ஊதாக் கதிரையும் அருமையாகத் தாங்கும். ஆனால் மலை உயர உயர, கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்லப் பெற்ற திறன் அது. இன்றைய வெப்ப உயர்வு சில பத்தாண்டுகளில் நடக்கிறது. 2023-இல் வெளியான ஆய்வின்படி, திபெத்தில் கண்காணித்த இடங்களில் தகாகியா ஆண்டுக்குச் சுமார் 1.6% குறைந்திருக்கிறது.