மௌனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: புதிய அமெரிக்க நாடகங்கள் பற்றி

அமெரிக்க நாடகம் என்றதும் யூஜின் ஓ'நீல், ஆர்தர் மில்லர், டென்னசி வில்லியம்ஸ் என்று சொல்வோம். பெரும்பாலும் பட்டியல் அங்கேயே முடிந்துவிடும். கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றைத் தேடிப் படிப்பவர்களிலும் பலர், "கதையே நகரவில்லை, சும்மா பேசிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று பாதியில் மூடிவைத்துவிடுகிறார்கள். படிக்கிற வேகம்தான் இதற்குக் காரணம் என்பேன். நாவலைப் போலக் கண்ணால் ஓட்டிக்கொண்டு போனால் இந்த நாடகங்களின் பாதி உயிர் நம் கைக்கு வராது.

ஆனி பேக்கரின் 'தி ஃபிளிக்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் நியூயார்க்கின் பிளேரைட்ஸ் ஹொரைசன்ஸ் அரங்கில் முதன்முதலில் மேடையேறியது. களம், மாசசூசெட்ஸில் ஓர் அழுது வடியும் சினிமா தியேட்டர். 35 எம்.எம். பிலிம் புரொஜெக்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கடைசி சில தியேட்டர்களில் ஒன்று. மேடையில் நமக்கு எதிரே இருப்பவை அதன் காலி இருக்கை வரிசைகள்; திரை இருக்க வேண்டிய இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். படம் முடிந்ததும் சாமும் ஏவரியும் துடைப்பத்தோடு வந்து, சிந்திய பாப்கார்னை வரிசை வரிசையாகப் பெருக்குகிறார்கள். ஏதோ ஒன்று பேசுகிறார்கள். மறுபடி பெருக்குகிறார்கள். இப்படி மூன்று மணி நேரத்துக்கும் மேலே போகிறது. முதல் தயாரிப்பின்போது பாதியில் எழுந்துபோனவர்கள் அதிகம். அரங்கின் கலை இயக்குநர் டிம் சான்ஃபோர்ட் தம் சந்தாதாரர்களுக்கு விளக்கக் கடிதமே அனுப்ப வேண்டிவந்தது. அடுத்த ஆண்டு இதற்குத்தான் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அந்த நீளம் எதற்கு? சாம், ஏவரி உட்பட அங்கே வேலை பார்க்கும் மூவரும் கிழித்த டிக்கெட்டுகளை மறுபடி விற்று, கொஞ்சம் காசு எடுத்துக்கொள்கிறார்கள். குறைந்த சம்பளக்காரர்களின் சின்னத் திருட்டு. விஷயம் வெளியே வரும்போது பழி முழுவதும் ஏவரி மேல் விழுகிறது. மூவரில் கறுப்பின இளைஞன் அவன் ஒருவன்தான். மற்ற இருவரும் வாய் திறப்பதில்லை. அதுவரை பெருக்கும்போது வந்த மௌனங்களுக்கெல்லாம் நாம் பழகிவிட்டிருக்கிறோம். அவற்றில் கூச்சம் இருந்தது, களைப்பு இருந்தது, நட்பும் இருந்தது. இப்போது வரும் மௌனம் துரோகம் என்று யாரும் சொல்லாமலே நமக்குப் புரிகிறது. இடைநிறுத்தங்களை வெட்டி இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கினால் மிஞ்சுவது வெறும் கையாடல் கதை.

மௌனத்தை எழுத்திலேயே குறித்துவைப்பதில் சூசன்-லோரி பார்க்ஸ் ஒரு முறையே உருவாக்கியிருக்கிறார். 'டாப்டாக்/அண்டர்டாக்' (2001) நாடகத்தில் லிங்கன், பூத் என்று இரண்டே பாத்திரங்கள். கறுப்பினச் சகோதரர்கள். தகப்பன் விளையாட்டாக வைத்த பெயர்கள் அவை; அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டுக்கொன்றவன் பெயர் பூத். யார் யாரைச் சுடப்போகிறார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது, ஆகவே முடிவைத் தெரிந்துகொள்ளும் பரபரப்பை நம்பி இந்த நாடகம் நிற்கவில்லை. பிரதியில் சில இடங்களில் இப்படி வரும்:

லிங்கன்
பூத்
லிங்கன்
பூத்

வசனம் இல்லை, பெயர்கள் மட்டும். அச்சுப் பிழை என்று நினைத்துத் தாண்டிப் போனால் போச்சு. அந்த இடத்தில் இருவரும் ஒருவரையொருவர் எதிர்கொள்கிறார்கள், பேச்சில்லாமல் ஏதோ ஒன்று கைமாறுகிறது. அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு' என்று வருவது இதைவிடச் சின்னது, ஒரு மூச்சு விடும் அளவு. கூட்டாக வாசிக்கும்போது அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, பெயர்களையும் சத்தமாகப் படித்துவிடுவது. மற்றொன்று, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று மனசுக்குள் எண்ணுவது. எண்ண ஆரம்பித்தால் கவனம் எதிராளியை விட்டுவிடும். தாளிலிருந்து தலையைத் தூக்கி எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள், அடுத்த வரி தானாக வரும்.

அடுத்தது சாய்கோடு (/). ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் எந்தச் சொல்லில் குறுக்கிட வேண்டும் என்பதைக் காட்டும் குறி. பிரிட்டிஷ் நாடகாசிரியர் கேரில் சர்ச்சிலால் பரவிய வழக்கம், இன்று அமெரிக்கப் பிரதிகளிலும் சகஜம். சாரா டிலாப்பின் 'தி வுல்வ்ஸ்' பெண்கள் கால்பந்து அணி ஒன்றின் கதை. வீராங்கனைகளுக்குப் பெயர் கிடையாது, ஜெர்சி எண்தான். முதல் காட்சியில் ஒன்பது பேரும் வட்டமாக உட்கார்ந்து தசைகளைத் தளர்த்தியபடி இரண்டு பேச்சுகளை ஒரே நேரத்தில் ஓட்டுகிறார்கள்: ஒரு பக்கம் கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சி செய்த கொடுமைகள், மறுபக்கம் மாதவிடாய் சமாச்சாரம். தனியாகப் படித்தால் ஒன்று முடிந்து மற்றொன்று வருவதுபோல் தோன்றும், நாடகம் தட்டையாகிவிடும். நாலைந்து பேர் ஆளுக்கு இரண்டு எண்களாகப் பிரித்துக்கொண்டாவது சத்தமாகப் படியுங்கள். முதல் தடவை குழம்பத்தான் செய்யும். இரண்டாம் தடவை எந்தப் பேச்சு எதன்மேல் மோதுகிறது என்று காதில் விழும்.

எல்லாப் புது நாடகமும் இப்படி வடிவத்தில் விளையாடுவதில்லை. லின் நாட்டேஜின் 'ஸ்வெட்' பழைய பாணியில் நேராகச் சொல்லப்படும் கதைதான். பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில், ஆலை வேலை பறிபோகும் தொழிலாளர்கள் ஒரு மதுக்கடையில் கூடுகிறார்கள். 2000க்கும் 2008க்கும் இடையே காட்சிகள் தாவும், அதை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும்.

ஆனால் சனாஸ் தூஸியின் 'இங்கிலிஷ்' நாடகத்தைக் கொஞ்சம் பொறுமையாக அணுக வேண்டும். 2023இன் புலிட்சர் பரிசு பெற்றது. ஈரானின் கராஜ் நகரில் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்கான வகுப்பு, ஓர் ஆசிரியை, நான்கு மாணவர்கள். இவர்கள் பாரசீகத்தில் பேசுவதாக வரும் இடங்களை நடிகர்கள் சரளமான ஆங்கிலத்தில் பேச வேண்டும். ஆங்கிலத்தில் பேசுவதாக வரும் இடங்களில் உச்சரிப்பு தடுமாற வேண்டும். தன் வீட்டு மொழியில் சாமர்த்தியமும் நையாண்டியுமாக இருக்கும் எல்ஹாம், அடுத்த வரியிலேயே சின்னப் பிள்ளை மாதிரி திக்குவது மனதைப் பிசைகிறது. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே உச்சரிப்பில் படித்தால் இது முற்றாகக் காணாமல் போகும். முன்னதாகவே இரண்டு நிறப் பேனாவால் வரிகளைப் பிரித்து வையுங்கள்.

படித்து முடித்ததும் வரும் பேச்சும் முக்கியம். "முடிவை மாற்றியிருக்கலாம்" என்று நாடகாசிரியருக்கு யோசனை சொல்லும் கூட்டம்தான் எனக்குப் பிடிக்காதது. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த நான்கு படி முறையைப் அமெரிக்காவில் பல நாடகப் பயிலரங்குகள் பின்பற்றுகின்றன. முதலில் எது மனதில் நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். அடுத்து பார்வையாளர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது: "ஏன் இவ்வளவு நீளம்?" என்பது தீர்ப்பு, "அந்த மௌனத்தில் அவன் என்ன நினைக்கிறான்?" என்பது கேள்வி. கருத்து கடைசியில்தான், அதுவும் படைத்தவர் அனுமதித்தால். ஆசிரியர் எதிரில் இல்லாத வாசிப்புக் கூட்டத்திலும் முதல் படியும் மூன்றாம் படியும் நன்றாகவே பயன்படும்.

இரண்டு பேர் கிடைத்தால் 'டாப்டாக்', ஐந்து பேர் என்றால் 'இங்கிலிஷ்', நான்கு பேரும் ஒரு நீண்ட மாலையும் இருந்தால் 'தி ஃபிளிக்'. மேடைக்குறிப்பை வாசிக்க ஒருவரைத் தனியாக வையுங்கள், பாத்திரம் ஏற்றவரே அதையும் படித்தால் ஓட்டம் அறுந்துவிடும். வீட்டுக்குள் நண்பர்களோடு வாசிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பொது இடத்தில் நடத்துவதானால், இலவசமாக இருந்தாலும், உரிமம் வைத்திருக்கும் பதிப்பகத்திடம் முன்அனுமதி பெறுங்கள். அமெரிக்க வழக்கப்படி பதிப்புரிமை நாடகாசிரியர் கையிலேயே இருக்கிறது, அவர் சம்மதமில்லாமல் ஒரு வரியைக்கூட வெட்ட முடியாது.