ராணுவம் என்றால் உத்தரவு மட்டும்தானா?
"ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கு உத்தரவு போட்டே பழக்கம், நேரடி அதிகாரம் இல்லாத பகுதிநேர சிடிஓ (தொழில்நுட்பத் தலைமை அதிகாரி) வேலை ஒத்துவராது" என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ராணுவத்தின் தகவல்தொடர்பைப் பார்க்கும் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு இப்போது சில நிறுவனங்களுக்கு இதே வேலையைத்தான் செய்கிறேன். ராணுவத்திலேயும் என் கட்டளைக்குக் கீழ் வராத பிரிவுகளிடம் பேசிப் பேசித்தான் காரியம் நடக்கும். புதிய நிறுவனத்துக்குப் போனதும் நான் முதலில் கேட்பது, "நேற்றைய பேக்கப்பிலிருந்து (தகவல்களின் காப்பு நகலிலிருந்து) ஒரு டேட்டாபேஸை என் கண்முன்னால் மீட்டுக் காட்டுங்கள்" என்பதுதான். பேக்கப் தினமும் ஓடிக்கொண்டிருக்கும், மீட்டுப் பார்த்தவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். மாற்று ரேடியோவை இயக்கிப் பார்க்காமல் கிளம்பவே கூடாது என்று பழகியவருக்கு இந்தக் கேள்வி தானாக வரும். கணினி மொழிகளின் முன்னோடியான கிரேஸ் ஹாப்பரையே பாருங்கள்: 1986இல், 79 வயதில், அமெரிக்கக் கடற்படையிலிருந்து ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்று, அப்புறம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாதச் சம்பளத்திலேயே இருந்தவருக்குத் தன் வேலைக்கு விலை சொல்ல வாய் வராது. பழைய பதவியை விசிட்டிங் கார்டில் போட்டால் போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்; அதைப் பார்த்து மரியாதை தருவார்கள், வேலை தர மாட்டார்கள். மாதத்துக்கு எத்தனை நாள், எது என் பொறுப்பு, எது இல்லை என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதத் தெரிய வேண்டும், அதை எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.