பேர் அடிச்சு மூணு வாரம்கூட ஆகல

பசார் மாலாம்ல, அதான் இரவுச் சந்தையில, 35 வெள்ளிக்குக் கால்பந்து ஜெர்சி, முதுகுல பிடிச்ச ஆட்டக்காரன் பேர் அடிக்கத் தனியா 10 வெள்ளி. ஒவ்வொரு எழுத்தா சூடு வச்சு ஒட்டுறத என் மகன் கண்ணெடுக்காம பார்த்துக்கிட்டே நின்னான். மூணே வாரம். அந்த ஆட்டக்காரன் வேற கிளப்புக்குப் போயிட்டான்.

இங்கிலாந்து லீக் ஆரம்பிச்ச பிறகும் ஏன்யா டிரான்ஸ்ஃபர் விண்டோவ, அதான் கிளப்புங்க ஆட்டக்காரங்கள வாங்கி விக்கிற காலத்த, திறந்து வைக்கிறீங்க? 2025ல செப்டம்பர் 1, இங்கிலாந்துல ராத்திரி 7 மணிக்கு மூடுனாங்க. மலேசியாவுல, எங்க சுங்கை சிப்புட்டுல அப்ப விடியக்காலை 2 மணி! மறுநாள் அஞ்சரைக்கு எழுந்து செம்பனைத் தோட்டத்துக்குப் போகணும், நான் கைப்பேசியோட உக்கார்ந்திருக்கேன். அன்னிக்குத்தான் ஈசாக் நியூகாசல்ல இருந்து லிவர்பூலுக்கு 125 மில்லியன் பவுனுக்குப் போனாரு. கிறிஸ்டல் பேலஸ் ஆட்டக்காரர் மார்க் குவேஹியும் லிவர்பூலுக்குப் போறது முடிஞ்சிருச்சுன்னே எல்லாரும் நம்புனோம். கடைசி நேரத்துல பேலஸ் அவர விடல. லீக்ல மூணு ஆட்டம் முடிஞ்சு போச்சு அதுக்குள்ள.

முதல் ஆட்டத்துக்கு முன்னாடியே கதவைச் சாத்துங்கய்யா. 2018லயும் 2019லயும் இங்கிலாந்துல அப்படித்தான சாத்துனாங்க? அப்புறம் ஏன் மாத்துனாங்க?

பையன் அந்த ஜெர்சிய இன்னும் போடுறான், திடலுக்கு மட்டும் போட்டுக்கிட்டுப் போறதில்ல.